நாட்டாமையும் ஓட்டக்காரரும்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கோவா மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அந்த ஒரு கணத்தில் நாட்டாமை மூச்சை அடக்குகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, முகம் கறுத்துச் சிவக்கிறது, மூட்டை தோளில் உட்கார்ந்ததும் "ஹா" என்று காற்று வெளியே வருகிறது. அதன் பிறகு அவர் நடப்பதில்லை, லொறிகளுக்கு இடையால் ஒரு சின்ன ஓட்டம். இந்தியத் தமிழ் வாசகர் குழம்ப வேண்டாம். இலங்கையில் நாட்டாமை என்பவர் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்பவர் அல்லர், சந்தையில் மூட்டை சுமப்பவர்.

அதே ஊரில், அதே விடியற்காலையில், இன்னொருவர் கண்டலமக் குளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார். என் நண்பர், வயது 47, மாத்தளையில் படிப்பிக்கிறார், வீடு தம்புள்ளையில். ஆள் மெலிவு. வாரம் 70 கிலோமீற்றர் ஓடுவார், ஞாயிறு என்றால் ஒரே மூச்சில் 30. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்படுவார். காரணம் சோம்பல் அல்ல. அந்தப் பாதையில் யானை வரும், யானைக்கு மரதன் தெரியாது.

இந்த இருவரில் யாருக்குப் பிரசர் வரும் என்று ஊரில் கேட்டால் எல்லோரும் நாட்டாமையைக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நண்பர் ஒரு இரத்ததான முகாமில் கையை நீட்டும் வரை. அங்கே கைப்பட்டி காட்டியது 148க்கு 92. "மெஷின் பிழை மச்சான்" என்றார். இரண்டாம் தரமும் ஏறத்தாழ அதே எண். அதுவும் பிழை. வீட்டில் தான் பார்க்கும்போதெல்லாம் 120தானாம்.

இரண்டு எண்ணுமே சரி. அது எப்படி என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் அடிப்படைக் கணக்கு. குருதியமுக்கம் என்பது இரண்டின் பெருக்கம்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது என்பது ஒன்று, குழாய்கள் அதற்கு எவ்வளவு தடை போடுகின்றன என்பது மற்றது. சும்மா இருக்கும்போது இதயம் தள்ளுவது நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர். கடுமையாக ஓடும்போது அது 20 லீற்றரைத் தாண்டும், நன்றாகப் பழகிய ஓட்டக்காரரிடம் 30ஐயும் தாண்டும். தடை மட்டும் மாறாமல் இருந்தால் என்ன ஆகும்? 120க்கு 80 உள்ளவரின் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 93. நான்கு மடங்கு குருதி போனால் 370க்கும் மேல். மூளையில் எந்தக் குழாயும் அதை நீண்ட நேரம் தாங்காது.

அப்படி ஆகாததற்குக் காரணம் நம் குளக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். குளத்தில் தண்ணீர் பெருகும்போது ஒரு வாய்க்காலை மட்டும் திறந்து வைத்தால் கட்டு உடையும். எல்லாத் துருசுகளையும் திறந்தால் வயலெல்லாம் நனையும், கட்டும் பிழைக்கும். ஓடும்போது காற்தசைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன நாடிகள் அகலத் திறந்துகொள்கின்றன. ஓய்வில் மொத்தக் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் தசைகள், உச்ச ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாங்கிக்கொள்கின்றன. அதனால் மேல் எண் 180, 200 என்று ஏறினாலும், கீழ் எண் நின்ற இடத்தில் நிற்கும், சிலருக்கு இறங்கவும் செய்யும். தள்ளும் வேகம் கூடுகிறது, தடை விழுகிறது.

நாட்டாமையின் கதை வேறு. மூட்டையைத் தூக்கும்போது அவர் தசைகள் அசையாமல் இறுகி நிற்கின்றன. இறுகிய தசை தனக்குள் இருக்கும் குழாய்களையே நெரிக்கிறது. துருசை மூடிவிட்டுக் குளத்தை நிரப்புவது போல. அதோடு மூச்சை அடக்கி முக்குவதால் நெஞ்சுக்குள் எழும் அமுக்கமும் நாடிகளுக்குள் சேர்கிறது. 1985இல் கனடாவில் மக்டூகல் என்பவரும் குழுவினரும் ஐந்து உடற்கட்டு வீரர்களின் கை நாடிக்குள் நேரடியாகக் குழாய் செருகி, பாரம் தூக்கும்போது அளந்தார்கள். இரு காலாலும் பாரத்தை உந்தியபோது கிடைத்த சராசரி உச்சம் 320க்கு 250. ஒருவரிடம் அது 480க்கு 350ஐத் தாண்டியது. அந்த ஐவரும் சாகவில்லை, அது சில விநாடிகள் மட்டும் நீடித்த உச்சம். ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு நான் சந்தைப் பக்கம் போனால், ஒவ்வொரு மூட்டைக்கும் என் மூச்சும் ஒரு கணம் நிற்கிறது.

ஆக, ஓடும்போதும் தூக்கும்போதும் அமுக்கம் ஏறுகிறது. நமக்கு வேண்டியது நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பது.

ஒரு சனிக்கிழமை என் கைப்பட்டி மெஷினை எடுத்துக்கொண்டு நண்பரோடு குளக்கட்டுக்குப் போனேன். ஓடுமுன் ஐந்து நிமிடம் கதைக்காமல் உட்கார வைத்தேன். ஆசிரியரைக் கதைக்காமல் இருத்துவதுதான் அன்றைய பரிசோதனையில் கடினமான பகுதி. 146க்கு 91. பிறகு 12 கிலோமீற்றர் ஓடி வந்தார், கடைசி மூன்று கிலோமீற்றர் நல்ல வேகம். வந்து நின்ற ஒரு நிமிடத்துக்குள் 172க்கு 80. கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்து, சட்டை மாற்றி, குளத்தில் கொக்கு பார்த்து, 40 நிமிடம் கழித்து மறுபடி கட்டினேன். 121க்கு 76. "பார்த்தீரா?" என்றார். பார்த்தேன். அடுத்த நாள் காலை, வழமைக்கு மாறாக ஓட்டம் இல்லாத ஞாயிறு, எழும்பியதும் அவரையே அளக்கச் சொன்னேன். 144க்கு 90.

அவர் வீட்டில் வழமையாக அளப்பது எப்போது? ஓடிவிட்டு வந்து, குளித்து, காலைச் சாப்பாட்டுக்கு முன். ஏழு வருடமாகத் தன் உடம்பு தரும் மிக அழகான எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்து வந்திருக்கிறார், தெரியாமலே.

ஓட்டத்துக்குப் பின் வரும் இந்த இறக்கம் வைத்தியர்களுக்குப் புதிதல்ல. 1981இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஃபிற்ஸ்ஜெரால்ட் என்பவர் தன்னைத் தானே அளந்து எழுதினார். அவருக்கு ஏறி இறங்கும் குருதியமுக்கம் இருந்தது. மெல்லோட்டம் போய் வந்தால் 4 முதல் 10 மணிநேரம் வரை அது தாழ்ந்து கிடந்ததைக் கவனித்தார். அதற்குப் பின் நடந்த ஏராளமான ஆய்வுகள் அவர் கண்டதை உறுதிசெய்தன. இறக்கம் எல்லோருக்கும் ஒரே அளவல்ல, ஏற்கெனவே அமுக்கம் கூடியவர்களிடம்தான் அதிகம்.

ஏன் இறங்குகிறது? ஓட்டம் நின்றும் தசைக்குள் திறந்த துருசுகள் உடனே மூடுவதில்லை. திறந்து வைத்திருப்பவர் யார் என்று தேடிய ஒறிகன் பல்கலைக்கழகத்து ஜோன் ஹாலிவில் குழுவினருக்கு எதிர்பாராத ஆள் சிக்கினார்: ஹிஸ்ரமின். தும்மலுக்கும் தடிப்புக்கும் நாம் பழி சொல்லும் அதே பொருள். பயிற்சிக்கு முன் ஒவ்வாமைக்குப் போடும் ஃபெக்ஸோஃபெனாடின் குளிசையையோ, வயிற்றெரிவுக்குக் கொடுத்துவந்த ரனிற்றிடினையோ கொடுத்தபோது அந்த இறக்கம் மங்கிப்போனது. இரண்டும் ஹிஸ்ரமின் வந்து அமரும் இரு வேறு இருக்கைகளை அடைக்கும் மருந்துகள். மூளையும் தன் பங்குக்கு, குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்புக் கட்டளைகளைக் கொஞ்ச நேரம் தளர்த்தி வைக்கிறது.

இதற்கு ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சடாரென்று நிற்கும் ஓட்டக்காரரிடம் அதைப் பார்க்கலாம். ஓடும்வரை கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் குருதியை மேலே பிழிந்து அனுப்பிக்கொண்டிருந்தது. நின்றதும் அந்தப் பம்பி நிற்கிறது. குழாய்களோ இன்னும் திறந்திருக்கின்றன, தம்புள்ளை வெயிலில் தோலுக்கடியில் உள்ளவையும் சேர்த்து. குருதி காலில் தேங்க, தலை சுற்றி ஆள் சாய்கிறார். மரதன் போட்டிகளில் விழுபவர்களில் பெரும்பாலானோர் விழுவது ஓடும்போதல்ல, ஓடி முடித்த பிறகு. நான் படித்த காலத்தில் ஒரு பாடசாலை மரதனில் இப்படி விழுந்த மாணவனை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தி நிறுத்தி, முகத்தில் சோடாவை ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். அவன் மறுபடி விழுந்தான். மறுபடி நிமிர்த்தினார்கள். செய்யவேண்டியது நேரெதிர்: படுக்க வைத்துக் காலை உயர்த்துவது. நினைவு சரியாக இல்லை, உடம்பு கொதிக்கிறது, அல்லது ஓடும்போதே விழுந்துவிட்டார் என்றால் அது வேறு விடயம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலை.

சரி, ஒரு நாள் இறக்கம் இருக்கட்டும். மாதக்கணக்கில் ஓடினால்?

இதில் விஞ்ஞானம் தெளிவாகவே பேசுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கோர்னெலிஸன், ஃபகார் இருவரும் 2005இல் பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஓட்டம், விரைநடை, சைக்கிள் போன்ற தாங்குதிறன் பயிற்சி, சராசரியாக மேல் எண்ணை 3, கீழ் எண்ணை 2.4 குறைத்தது. உயர் குருதியமுக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 6.9, 4.9. மாத்திரை ஒன்று கொடுக்கும் பலனுக்கு அது கிட்ட வருகிறது. குறைந்தது பெரும்பாலும் குழாய்த் தடைதான், இதயம் தள்ளும் அளவு அல்ல. நாடித் துடிப்பு 50க்கு இறங்கினாலும் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளுவதால் ஓய்வில் அதே 5 லீற்றர் வந்துவிடுகிறது. ஆகவே "என் நாடி 48, எனக்குப் பிரசர் வராது" என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. என் நண்பர் கணிதம் படிப்பிக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நீண்ட காலம் ஓடியவரின் குழாய்கள் அகலமாவதற்கு மிகப் பழைய சாட்சி கிளாரன்ஸ் டிமார். பொஸ்ரன் மரதனை 1911க்கும் 1930க்கும் இடையில் ஏழு தரம் வென்றவர். இதயத்தில் இரைச்சல் கேட்கிறது, ஓடாதே என்று இளவயதில் வைத்தியர் எச்சரித்தும் கேட்காதவர். 1958இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இதயத்தைத் திறந்து பார்த்து 1961இல் எழுதினார்கள்: முடியுரு நாடிகள் வழமையான அளவைவிட இரண்டு மூன்று மடங்கு விட்டம். கொழுப்புப் படிவு இல்லாமலில்லை, ஆனால் குழாய் அவ்வளவு அகலமாக இருந்ததால் வழி அடைபடவில்லை. குழாயின் ஆரம் சிறிது கூடினாலும் குருதியோட்டம் பலமாகக் கூடும், நான்காம் அடுக்கில். ஐந்தில் ஒரு பங்கு அகலம் கூடினால் குருதியோட்டம் இரட்டிப்பு.

இத்தோடு நிறுத்தினால் ஓட்டக்காரர்கள் எனக்கு மாலை போடுவார்கள். ஆனால் பயிற்சி கடுமையாகக் கடுமையாக அமுக்கம் இறங்கிக்கொண்டே போகும் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. ஏதென்ஸில் விளகோப்புலொஸ் குழுவினர் 2010இல் 49 மரதன் ஓட்டக்காரர்களை, ஓரளவு உடற்பயிற்சி மட்டும் செய்யும் 46 பேரோடு ஒப்பிட்டார்கள். மரதன்காரர்களின் அமுக்கம்தான் கூடுதலாக இருந்தது, மேல் எண்ணும் கீழ் எண்ணும். அவர்களுடைய பெருநாடியும் விறைப்பாக இருந்தது. வருடக்கணக்காக, தினமும் மணிக்கணக்கில் உயர்ந்த அமுக்க அலைகளை வாங்கும் நாடிச்சுவர் தன் மீள்தன்மையை இழக்கிறது என்பது அவர்கள் ஊகம்.

இதற்கு நேர்மாறாக லண்டனில் ஒரு ஆய்வு. 2016, 2017 மரதன்களுக்கு முதல் தரம் பெயர் கொடுத்த 138 பேரைப் பயிற்சி தொடங்குமுன்னும் போட்டி முடிந்த பின்னும் அளந்தார்கள். சுமார் ஆறு மாதப் பயிற்சி. மேல் எண் 4, கீழ் எண் 3 இறங்கியது. பெருநாடியின் "வயது" ஏறத்தாழ நான்கு வருடம் இளமையானது. அதிகம் பயன்பெற்றவர்கள் வயதானவர்கள், ஆண்கள், மெதுவாக ஓடியவர்கள். இவர்கள் வாரத்துக்கு எவ்வளவு ஓடினார்கள்? 10 முதல் 20 கிலோமீற்றர். என் நண்பர் ஒரே ஞாயிறு காலையில் அதைத் தாண்டுகிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து "அளவுக்கு மிஞ்சினால்" என்று பழமொழி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஏதென்ஸ் ஆய்வு ஒரு நாள் எடுத்த படம். அந்த 49 பேரும் ஓடியதால் அமுக்கம் கூடியவர்களா, கூடும் உடம்போடு ஓட வந்தவர்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. என் கணிப்பு இது: குருதியமுக்கத்துக்கு ஓட்டம் கொடுக்கக்கூடிய நன்மையின் பெரும்பகுதி வாரத்தின் முதல் இருபது கிலோமீற்றரில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுவது பதக்கத்துக்காக, ஆசைக்காக, மன அமைதிக்காக. எல்லாம் நல்ல காரணங்கள்தான். பிரசருக்காக என்று மட்டும் சொல்லக்கூடாது. பாங்கொக்கில் 1970 ஆசிய விளையாட்டில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற நம் லூசியன் ரோசா தன் நாடிகளுக்கு வைத்தியம் பார்க்க ஓடவில்லை.

நாட்டாமையிடமும் ஒரு தரம் திரும்ப வேண்டும். 2023இல் 270 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய பகுப்பாய்வில், ஓய்வு அமுக்கத்தை மிக அதிகமாகக் குறைத்தது ஓட்டம் அல்ல, அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பது போல இருப்பது அவற்றில் ஒன்று. மேல் எண்ணில் 8க்குச் சற்று மேல், ஓட்டம் போன்றவற்றில் நாலரை. இறுக்கும்போது ஏறுவது, விட்டதும் குழாய்களைத் தளர்த்திப் பழக்குகிறது போலும். இதை வைத்துக் கோவா மூட்டை சுமப்பது வைத்தியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சுவரில் இரண்டு நிமிடம் இருப்பவர் நிதானமாக மூச்சு விடுகிறார், இடையில் ஓய்வு எடுக்கிறார். நாட்டாமைக்கு லொறி காத்திருப்பதில்லை.

கடும் பயிற்சிக்காரரின் அமுக்கத்தை ஏற்றும் இன்னொன்று அவருடைய பையிலேயே இருக்கும்: வலி நிவாரணி. இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும்படி செய்கின்றன, அமுக்கத்தை ஏற்றுகின்றன, வெயிலில் காய்ந்த சிறுநீரகத்துக்கு வரும் குருதியையும் குறைக்கின்றன. 2017இல் வெளியான ஒரு ஆய்வில் பலநாள் நெடுந்தூரப் போட்டிகளில் ஓடிய 89 பேரில் பாதிப்பேருக்கு இபுபுரோஃபனும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 34 வீதமானோருக்கும், இபுபுரோஃபன் எடுத்தவர்களில் 52 வீதமானோருக்கும் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. சிறிய ஆய்வு, இறுதித் தீர்ப்பல்ல. ஆனால் அந்தப் போட்டிகள் நடந்த நாடுகளில் ஒன்று இலங்கை. தம்புள்ளைக்கு வடக்கே, காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் கமக்காரர்களை வாட்டும் வரண்ட வலயம் விரிகிறது. இந்த மண்ணில் முழங்கால் வலிக்கு மிட்டாய் போல டைக்ளோஃபெனக் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் பார்த்துச் சும்மா இருப்பதில்லை.

மருந்து தேவைப்பட்டால், தான் ஓடுபவர் என்பதை ஓட்டக்காரர் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பீற்றா தடுப்பிகள் நாடித் துடிப்பை அமுக்கிப் பிடிப்பதால் மேடு ஏறும்போது காலில் கல் கட்டியது போல இருக்கும். நீரைப் போக்கும் குளிசைகள் வெயிலில் உடம்பை மேலும் வற்றச் செய்யும், அதோடு அவை உலக ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனத்தின் தடைப்பட்டியலிலும் உள்ளன. போட்டிக்குப் போகிறவர் வைத்தியரிடம் அதையும் சொல்லிவிட வேண்டும்.

நண்பர் கடைசியில் வைத்தியரிடம் போனார். இரண்டு வாரம் காலையும் மாலையும், ஓட்டத்துக்கு முன் எடுத்த எண்களை எழுதிய கொப்பியோடு. தகப்பனுக்கும் நாற்பதில் பிரசர் இருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இப்போது ஒரு சின்னக் குளிசை, ஊறுகாய் இல்லை, கருவாடு ஞாயிறு மட்டும், ஓட்டம் வாரம் 45 கிலோமீற்றர். போன மாதம் ஓடுமுன் எடுத்த சராசரி 128க்கு 82.

இதை வாசிக்கும் நீங்களும் ஓடுகிறவர் என்றால், நாளைக் காலை சப்பாத்தைக் கட்டுவதற்கு முன் கைப்பட்டியைக் கட்டிப் பாருங்கள்.